சுருக்குப் பையில் குளுக்கோஸ்: லோ சுகருக்கு நான் வாங்கிப் பார்த்தவை

தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் புடவை கவுன்ட்டரில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் ஐந்து வருடம் இன்சுலின் போட்டுக்கொண்டு. காலை எட்டு மணிக்கு 30/70 மிக்ஸ், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி ஒரு ஊசி. மிக்ஸ் இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்கிற மருந்து, காலை இட்லியைப் பார்த்துக்கொள்ளும், மீதி 70 பங்கு மெதுவாக ஏறி மதியத்தை ஒட்டித்தான் முழு வேகத்துக்கு வரும். அது வருகிற நேரத்துக்கு வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் எங்கள் மதிய சாப்பாடு ஒரு மணிக்குக் கிடைக்காது, இரண்டரை ஆகும், சில நாள் மூன்றும் ஆகும். லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிப்போவது, எனக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

அதனால் குளுக்கோஸ் பவுடர் பற்றி எழுதப் போகிறேன். மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற, எந்த பிளேவரும் போடாத வெள்ளைப் பவுடர். எந்த கம்பெனி தயாரித்தாலும் நம் ஊரில் எல்லோரும் குளுக்கோன்-டி என்றே கேட்டு வாங்குகிற அந்தச் சாமான். வெயில் காலத்தில் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுப்பது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். குளுக்கோஸ் டேப்லெட், ஜூஸ், சாக்லேட், கல்கண்டு, தேன் எல்லாம் வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றையும் நிஜமான லோ வந்தபோது சாப்பிட்டு, கால் மணி கழித்து விரலில் குத்தி சுகர் மெஷினில் பார்த்து டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டே கால் இருக்கும், கல்யாணப் புடவைக்கு வந்த ஒரு குடும்பம், பன்னிரண்டு பேர், நாற்பது புடவை பிரித்துப் போட்டாயிற்று. விலைச் சீட்டில் 18,500 என்று இருக்கிறது, என் வாய் 8,500 என்கிறது. திரும்பப் படிக்கிறேன், திரும்பவும் அதேதான் வருகிறது. ஏசி ஓடுகிறது, எனக்குக் கழுத்தில் இருந்து வியர்வை வழிகிறது. அந்த வீட்டுப் பாட்டி ஒருத்தர்தான் கவனித்தார். "என்னம்மா இப்படி வேர்க்குது, சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்து கவுன்ட்டர் அக்கா ஓடிவந்து மெஷினை எடுத்துக் குத்திப் பார்த்தபோது 49. எழுபதுக்குக் கீழே போனாலே லோ, 54க்குக் கீழே போனால் அது ஆபத்தான லோ என்று டாக்டர்கள் சொல்கிற கணக்கு. அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு சாக்லேட். அதுவும் கீழே லாக்கரில், கைப்பைக்குள். ஃப்ளோருக்குப் பை எடுத்துவர எங்களுக்கு அனுமதி கிடையாது.

அந்த அக்கா மாடிப்படியில் ஓடிப் போய் எடுத்து வந்தார், நான் தின்றேன். கால் மணி கழித்து 53. அரை மணிக்கு 66. அதற்குள் பயத்தில் யார் யாரோ கொடுத்த பிஸ்கட், பால் கோவா, டீ எல்லாம் உள்ளே போய்விட்டது, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 287. மறுநாள் முழுக்கத் தலைவலி.

சாக்லேட்டின் குறை அதில் சர்க்கரை இல்லாதது அல்ல, கொழுப்பும் சேர்ந்து இருப்பது. கொழுப்பு வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும், கூடவே சர்க்கரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலை மிட்டாயும் அப்படித்தான். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம், 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது, எங்கள் ஊர்ப் பெருமை. லோ வந்தால் அதைத் தின்னு என்றுதான் அம்மா எப்போதும் ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்புவார். ஆனால் கடலையில் எண்ணெயும் புரதமும் அதிகம், 55ல் நடுங்கிக்கொண்டு இருக்கிறவளை அது உடனே தூக்கிவிடாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அந்த வாரமே டாக்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது பழைய விதிதான், உலகம் முழுக்கச் சொல்கிற 15-15 கணக்கு. வேகமாக ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை 15 கிராம் எடுத்துக்கொள், 15 நிமிடம் பொறு, மறுபடி குத்திப் பார், இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். சரி, 15 கிராம் என்றால் கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? அங்கேதான் எனக்கு எல்லாம் குழம்பியது, அங்கேதான் இந்தப் பவுடர் ஜெயித்தது.

வீட்டில் எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். எங்கள் வீட்டு டீ ஸ்பூனால் மட்டமாக நான்கு ஸ்பூன் போட்டால் 16 கிராம் வருகிறது. உங்கள் ஸ்பூன் வேறாக இருக்கலாம், ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள், அல்லது பக்கத்து நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் நிறுக்கச் சொல்லுங்கள். ஏன் 16 என்றால், கடையில் விற்கிற குளுக்கோஸ் பவுடர் பெரும்பாலும் கொஞ்சம் நீர் சேர்ந்த படிகமாக இருக்கும், டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு போல வெறும் தண்ணீர். ஒரு கிராம் தாராளமாகப் போட்டால் கணக்கு ஏறத்தாழ சரியாக வரும். இப்படி நிறுத்து சின்ன ஜிப் கவரில், கம்மல் மூக்குத்தி போட்டுத் தருவார்களே அதைவிடக் கொஞ்சம் பெரிய சைஸ், பொட்டலம் பொட்டலமாகப் போட்டு வைத்துக்கொள்கிறேன். ஒரு பொட்டலத்துக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது.

எங்கள் யூனிஃபார்ம் புடவை. பாக்கெட் கிடையாது. ஆச்சி வைத்திருந்த மாதிரி ஒரு சுருக்குப் பை தைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன், உள்ளே மூன்று பொட்டலம். லோ வந்தால் லாக்கருக்கு ஓட வேண்டாம், மாடிப்படி வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். கவுன்ட்டருக்குக் கீழே தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கும். பாட்டிலில் கால்வாசி தண்ணீர் விட்டு, பொட்டலத்தைக் கொட்டி, குலுக்கி, குடித்துவிடுவேன். வெறும் பவுடரை அப்படியே வாயில் கொட்டியும் பார்த்தேன், இரண்டு தடவை புரையேறி இருமி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணீரில் கலக்க ஐந்து விநாடிதான்.

டைரியில் இருந்து சொல்கிறேன். 58ல் குடித்தது, கால் மணியில் 84. இன்னொரு நாள் 62, கால் மணியில் 91. ஒரு நாள் 51, கால் மணியில் 67, இன்னொரு பொட்டலம் போட்டேன், அடுத்த கால் மணியில் 96. மூன்று தடவையும் ராத்திரி 180ஐத் தாண்டவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். லோவில் இருந்து ஏறுவதற்கு எதைத் தின்றாலும் கடைசியில் ஏறிவிடும், ஏறி எங்கே போய் நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஏன் வேகம் என்று கேட்டால், குளுக்கோஸ் என்பதே ரத்தத்தில் ஓடுகிற அந்தச் சர்க்கரைதான். குடலில் அதை உடைக்க வேண்டிய வேலை இல்லை. நாம் டீயில் போடுகிற சீனி பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் ஒட்டிக்கொண்டு இருப்பது, அது உடைந்து பிரிந்த பிறகுதான் உள்ளே போகும். சாதாரணமாக அது பெரிய தாமதம் இல்லை, சீனித் தண்ணீரும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு இது உயிர் விஷயம், அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் அம்மாவுக்கும் சுகர். அவர் ஊசி போடுவதில்லை, மாத்திரைதான், மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். நம் ஊரில் எத்தனையோ பேர் இந்த மூன்றும் சேர்ந்ததைச் சாப்பிடுகிறார்கள், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும். இதில் சுகரை அதலபாதாளத்துக்கு இறக்கக்கூடியது கிளிமிபிரைடு, அது கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. வோக்லிபோஸ் வேறு விதம், மாவுச்சத்தும் சீனியும் குடலில் உடைவதையே அது தடுத்து மெதுவாக்குகிறது. இப்போது சேர்த்து யோசியுங்கள். கிளிமிபிரைடால் லோ வந்த அம்மாவுக்கு நாம் பதறிப்போய் சீனியையோ கல்கண்டையோ கொடுக்கிறோம், அதை உடைக்கிற கதவை வோக்லிபோஸ் பாதி சாத்தி வைத்திருக்கிறது. சீனி உள்ளே போகும், சுகர் சீக்கிரம் ஏறாது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதேதான். இதை டாக்டர் சொன்ன அன்றைக்கு ஊருக்கு போன் பண்ணி, "அம்மா, சாமி ரூம்ல இருக்கிற கல்கண்டு டப்பாவை நம்பாதே, இன்னைக்கே குளுக்கோஸ் வாங்கி வை" என்று சொன்னேன். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பி ஒரு தடவை படித்துவிடுங்கள், தயவுசெய்து.

பிளேவர் போட்ட குளுக்கோஸை நான் வாங்காததும் இதனால்தான். ஆரஞ்சு, எலுமிச்சை என்று வருகிறவற்றில் குளுக்கோஸோடு சீனியும் சேர்த்திருப்பது உண்டு, பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதோடு வண்ணமும் இருக்கிறது. பட்டுப் புடவை மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைப் பவுடர் சிந்தினால் தட்டிவிடலாம்.

டேப்லெட் நல்ல பொருள். ஆன்லைனில் வாங்கினேன், ஒரு மாத்திரை 4 கிராம், நான்கு கடித்தால் 16. அளவு யோசிக்கவே வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், பஸ்ஸிலும் எலக்ட்ரிக் ட்ரெயினிலும் நின்றபடியே மெல்லலாம். வேகமும் பவுடரைப் போலத்தான் இருந்தது. இரண்டு குறை. விலை, ஒரு வேளைக்குப் பவுடரைப் போலப் பல மடங்கு. இன்னொன்று, நான் கேட்ட நான்கு மருந்துக்கடையில் மூன்றில் இல்லை, தீர்ந்துபோனால் உடனே வாங்க முடியாது. வசதி இருக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் இதை வாங்குங்கள். நான் ட்ரெயினுக்காக மட்டும் ஒரு ட்யூப் வைத்திருக்கிறேன். மூடியை இறுக்க மூடாவிட்டால் சென்னை ஈரக்காற்றில் பிசுபிசுத்துப் போகிறது.

டெட்ரா பேக் மாம்பழ ஜூஸ் கைவசம் இருந்தால் போதுமானதுதான், நான் வாங்குவதில் 100 மில்லிக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை, சின்ன பாக்கெட் ஒன்று ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். ஆனால் கை நடுங்கும்போது அந்த ஸ்ட்ராவைக் கவரில் இருந்து பிரித்து, அந்தச் சின்ன ஓட்டையில் குத்திப் பாருங்கள். 2022 ஜூலையில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடையான பிறகு காகித ஸ்ட்ரா வேறு, தப்பான கோணத்தில் குத்தினால் மடங்கிவிடுகிறது. ஒரு தடவை பல்லால் கடித்துக் கிழித்துக் குடித்தேன், பாதி ரவிக்கையில். கோலா பாட்டிலும் 150 மில்லி குடித்தால் வேலை செய்யும், ஆனால் டயட், ஜீரோ என்று எழுதியிருந்தால் அதில் சர்க்கரையே கிடையாது, எவ்வளவு குடித்தாலும் ஏறாது. சுகர் உள்ளவளுக்கு சுகர் இல்லாததுதான் நல்லது என்று நினைத்து ஒரு தம்பி அதைத்தான் வாங்கி வந்தான், அவன் மேல் தப்பில்லை, யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஓஆர்எஸ் பற்றி ஒன்று. நிறையப் பேர் மயக்கம் என்றால் உடனே ஓஆர்எஸ் கலக்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கலக்குகிற ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் மூன்று கிராம்கூட வராது. அது வயிற்றுப்போக்குக்கு அருமையான மருந்து, லோ சுகருக்குப் போதாது. இளநீரும் அப்படி, காய்க்குக் காய் இனிப்பு மாறும், எவ்வளவு சர்க்கரை உள்ளே போனது என்று கணக்கே சொல்ல முடியாது. தேன் ஒரு டேபிள் ஸ்பூன் நல்ல வேகம், ஆனால் சின்ன சாஷே சுருக்குப் பைக்குள் வெடித்து நான் பட்ட பாடு போதும்.

எதுவும் இல்லாத நாளுக்கு டீக்கடை இருக்கிறது. தெருவில் நடந்து போகும்போது வந்தால் நேராக டீக்கடைக்குப் போய், "அண்ணே, ஒரு கிளாஸ் தண்ணியில மூணு நாலு ஸ்பூன் சக்கரை போட்டுக் குடுங்க, லோ சுகர்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் கேட்ட எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்ததில்லை, ஒருவர் காசே வாங்கவில்லை. டீ கேட்காதீர்கள், பாலும் சூடும் ஊதி ஊதிக் குடிப்பதும் எல்லாம் தாமதம்.

இப்போது அந்தக் கடலை மிட்டாய். பவுடர் சட்டென்று ஏற்றும், ஆனால் நிற்காது. உள்ளே இன்சுலின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். எழுபதைத் தாண்டிய பிறகும் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு மேல் ஆகும் என்றால், அப்போது கடலை மிட்டாயோ வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ. மெதுவாக இறங்குகிற அதே குணம் இங்கே நன்மை. அம்மா கொடுத்தனுப்புவது வீண் போகவில்லை.

பவுடரில் குறை இல்லையா? இருக்கிறது. நான் வாங்கிய ஒரு பெட்டியில் உள் கவரைத் திரும்ப மூட வழியே இல்லை, இரண்டு வாரத்தில் கட்டியாகிவிட்டது, இப்போது வாங்கியவுடன் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன். 15 கிராம் பொட்டலமாகவே போட்டு மருந்துக்கடையில் தொங்கவிட்டால் ஷாம்பு சாஷே மாதிரி எல்லோரும் வாங்குவார்கள், எனக்கு அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. இன்னொன்று முக்கியம்: பவுடரைத் தொட்ட விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் மெஷின் 200, 300 என்று காட்டும். விரலில் ஒட்டிய குளுக்கோஸை அது அளக்கிறது. அதை நம்பி நன்றாகிவிட்டேன் என்று ஒரு தடவை வேலைக்குத் திரும்பி, பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், தண்ணீர் இல்லாவிட்டால் பவுடர் தொடாத கை விரலில் குத்துங்கள்.

கையில் ஒட்டிக்கொண்டு சுகரை அளந்துகொண்டே இருக்கிற சென்சாரும் 14 நாள் போட்டுப் பார்த்தேன். இறங்குவதற்கு முன்னாலேயே அம்புக்குறி காட்டும், அது பெரிய நிம்மதி. ஆனால் அது தோலுக்கு அடியில் இருக்கிற நீரில் அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கித்தான் வரும், குளுக்கோஸ் குடித்து ஏறிய பிறகும் லோ என்றே அலறும், அதைப் பார்த்து இன்னொன்று தின்னாதீர்கள். மாதம் இரண்டு வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது.

அந்தப் பதினைந்து நிமிடம் பொறுப்பதுதான் வேலை நாளில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உடம்பு தின்னு தின்னு என்று கத்தும், எதிரே கஸ்டமர் நிற்பார். 2021ல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திய பிறகு எங்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் வந்தது, நான் அதில் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து அக்காவிடம் "அக்கா, பொட்டலம்" என்று ஒரு வார்த்தை, அவர் என் கஸ்டமரைப் பார்த்துக்கொள்வார். நான் பேச முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் குளுக்கோஸ் தண்ணீர், நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை லோ வந்தால் பொட்டலத்தைக் கூட்டாமல் டாக்டரிடம் ஊசி அளவைக் குறைக்கக் கேளுங்கள், எனக்குத் தள்ளுபடி மாதங்களுக்கென்று காலை டோஸைக் குறைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிளேவர் இல்லாத குளுக்கோஸ் பவுடருக்கு ஐந்துக்கு நாலரை, அரை மார்க் அந்த மூட முடியாத கவருக்கு. டேப்லெட்டுக்கு நாலு. ஜூஸுக்கு மூன்று. சாக்லேட்டை லோவுக்கு என்று வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். எங்கள் ஃப்ளோரில் சுகர் உள்ள இன்னும் இரண்டு பேருக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஆளுக்கு ஆறு பொட்டலம் நிறுத்துக் கொடுக்கிறேன், ஒருத்தர் புடவை கட்டுவதில்லை, சுடிதாரில் பாக்கெட் தைத்துக்கொண்டார்.